பழைய பதிப்பை வேறொருவர் வெளியிட்டால் அது போலியா?

கேள்வி: நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கும் என் மகன், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும், கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டுக்கான சாகச நூல் (ஆட்டத்தில் பயன்படும் கதை நூல்) ஒன்றை இணையத்தில் 7,500 ரூபாய் கொடுத்து வாங்கினான். ‘1979ஆம் ஆண்டின் அசல் பதிப்பு’ என்று விற்பவர் குறிப்பிட்டிருந்தார். வந்து சேர்ந்த நூலின் அட்டையில் குட்மேன் கேம்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. இது திருட்டுப் பதிப்பா? பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தக்கலை

பதில்: தாங்கள் அனுப்பியுள்ள படங்களைப் பார்த்தவரை, நூல் திருட்டுப் பதிப்பாகத் தோன்றவில்லை, ஆனால் அது தங்களுக்கு விற்கப்பட்ட முறை சரியல்ல. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டை 1974இல் டி.எஸ்.ஆர். என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. 1997இல் அந்நிறுவனத்தை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999இல் விசர்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது. இத்தனை கைமாறியபோதும் பழைய நூல்களின் உரிமை விசர்ட்ஸிடமே இருக்கிறது. புதிய பதிப்பை விற்பதில் முனைப்பாக இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு, நாற்பது ஆண்டுக்கு முந்தைய சிறு நூல்களை மீண்டும் அச்சிட்டு விற்பது பெரிதாகக் கட்டுப்படியாகாது. அந்த நூல்களைத் தேடும் வாசகர்களை நன்கறிந்த சிறு பதிப்பகத்துக்கோ அதுவே நல்ல தொழில். எனவே உரிமையாளர் உரிமம் கொடுக்கிறார், சிறு பதிப்பகம் அச்சிடுகிறது. குட்மேன் கேம்ஸ் 2018 முதல் இவ்வாறு உரிமம் பெற்று, பழைய சாகசங்களின் பக்கங்களை இருந்தபடியே படியெடுத்தும், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளுக்கு ஏற்ப மாற்றியெழுதியும், கெட்டி அட்டைப் பெருநூல்களாக வெளியிட்டுள்ளது. முதல் சில பக்கங்களில், சிறிய எழுத்தில், வணிகப் பெயரும் பதிப்புரிமையும் விசர்ட்ஸுக்கு உரியவை, அனுமதியுடன் பயன்படுத்தப்படுகின்றன என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கவும். திருட்டுப் பதிப்பு அச்சிடுவோர் அந்தக் குறிப்பையும் சேர்த்தே நகலெடுக்கக்கூடும் என்பதால், பதிப்பகத்தின் சொந்த இணையதளத்தில் அந்நூல் விற்பனைப் பட்டியலில் உள்ளதா என்றும் சரிபார்ப்பது நல்லது.

1979ஐ ஒட்டிய அசல் நூல் எப்படி இருக்கும் என்பதைத் தங்கள் மகன் அறிந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டார். அது நடுவில் கம்பித் தையல் போட்ட மெல்லிய புத்தகம். அட்டை அதனோடு ஒட்டப்படாமல் தனியாகக் கழன்று வரும். அட்டையின் உட்புறத்தில் நீல நிறத்தில் வரைபடம் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் கண்ட நம் மாவட்டத்தில் அந்தக் கம்பி துருப்பிடிக்காமல் இருந்தால்தான் வியப்பு! கெட்டி அட்டை போட்ட தடித்த நூலை அசல் என்று எவர் விற்றாலும் நம்ப வேண்டாம்.

மறுபதிப்பை அசல் என்று சொல்லி விற்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. விற்பனைப் பக்கத்தின் படத்தையும் பற்றுச்சீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் விற்பவருக்கும் இணையச் சந்தையின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் எழுத்து மூலம் முறையிடவும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும், தாங்கள் குடியிருக்கும் மாவட்டம் என்பதே போதுமானது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு தர வேண்டும்.

கேள்வி: ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின், இப்போது அச்சில் இல்லாத முதல் பதிப்பு விதி நூலைத் தமிழாக்கி நூறு பிரதி அச்சிட விரும்புகிறோம். லாப நோக்கம் இல்லை. அனுமதி தேவையா?
– கல்லூரி நண்பர்கள், மார்த்தாண்டம்

பதில்: தேவை. கடையில் கிடைக்கவில்லை என்பதால் உரிமை காலாவதியாகிவிடாது. மொழிபெயர்ப்பு உரிமையும் உரிமையாளருக்கே உரியது. உரிமம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாத உரிமம் ஐந்து ஆண்டுக்கு மட்டுமே என்றும், இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்கு மட்டுமே என்றும் கொள்ளப்படும் என்பதால், இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மலேசியாவிலோ இலங்கையிலோ விற்கும் எண்ணம் இருந்தால் இது முக்கியம்.

தங்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. 2014 பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை, எஸ்.ஆர்.டி. 5.1 என்ற பெயரில், விசர்ட்ஸ் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. மூலத்தை உரிய முறையில் குறிப்பிட்டு அதை மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம்; ஆனால் விளையாட்டின் வணிகப் பெயரையோ சின்னத்தையோ அட்டையில் தங்கள் நூலின் பெயர்போல் போட அந்த உரிமம் இடம் தராது. பல்லாங்குழிக்கும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: பழைய சாகச நூல்களை மறுபதிப்பிடும் பதிப்பகத்தின் உரிமம் முடியப்போகிறது, உடனே வாங்குங்கள் என்று ஒரு கடைக்காரர் தொடர்ந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அப்படி முடிந்தால் எங்களிடம் உள்ள பிரதி என்னவாகும்?
– வாசகி, குளச்சல்

பதில்: அச்சுப் பிரதிக்கு எதுவும் ஆகாது, அது தங்கள் உடைமை. பதிப்பகம் புதிதாக அச்சிடுவதுதான் நிற்கும். பிடிஎஃப் வாங்கியிருந்தால் மட்டும் கவனம் தேவை. 2009 ஏப்ரலில் விசர்ட்ஸ் பிறரின் இணையக் கடைகளில் தன் பிடிஎஃப் விற்பனையைத் திடீரென நிறுத்தியபோது, ஏற்கெனவே பணம் கொடுத்தவர்களும் மீண்டும் பதிவிறக்க முடியாமற்போனது. பழைய நூல்கள் மறுபடி விற்பனைக்கு வந்தது 2013இல்தான். வாங்கிய அன்றே பதிவிறக்கி, கணினியிலும் பென் டிரைவிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளவும்.