எழுத்துப்பிழையோடு வந்த இசைத்தட்டு

கேள்வி: 1960களின் கடைசியில் வந்து, அப்போது யாரும் கண்டுகொள்ளாத மேற்கத்திய இசைத்தட்டு ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: யோசிக்கவே வேண்டாம். இங்கிலாந்தின் தி ஸோம்பீஸ் குழுவின் 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்'. 1967-ல் பெரும்பகுதி லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பதிவானது. பட்ஜெட் 1,000 பவுண்டு. இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ மிக்ஸும் வேண்டும் என்று இசைத்தட்டு கம்பெனி கேட்டபோது, பாடல்களை எழுதிய ராட் ஆர்ஜென்டும் கிறிஸ் ஒயிட்டும் சொந்தக் காசைப் போட்டார்கள். 1968 ஏப்ரலில் தட்டு வெளிவருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. பாடகர் காலின் பிளன்ஸ்டோன் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்குப் போனார். அப்படி ஒரு குரல் ஃபைல் புரட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. 1969-ல் இந்தத் தட்டின் 'டைம் ஆஃப் தி சீசன்' பாட்டு அமெரிக்க ஹிட் பாடல் பட்டியலில் 3-ம் இடம் வரை ஏறியது. அப்போதும் அவர்கள் திரும்பச் சேரவில்லை.

அந்தப் பாட்டை அப்புறம் கேளுங்கள். முதலில் 'கேர் ஆஃப் செல் 44'. துள்ளலான பியானோ, காதலிக்கு ஒரு கடிதம். வெளியூர் போயிருக்கிறாள் போல என்று நினைப்போம். அவள் சிறையிலிருந்து விடுதலையாகப் போகிறாள் என்பது மெல்லத்தான் புரியும். நடுவில் வாத்தியங்கள் ஒதுங்கி, குரல்கள் மட்டும் அடுக்கடுக்காக எழும் இடம் இருக்கிறதே, அதை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். நான் அந்தச் சில நொடிகளை மட்டும் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டிருக்கிறேன்.

தட்டு வாங்கினால் ஒன்று: அட்டையில் 'ஒடிஸி' எழுத்துப்பிழையோடுதான் இருக்கும். படம் வரைந்தவர் செய்த பிழை அது. போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.