‘கேண்டிட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? கல்யாண வீட்டு கேண்டிட் போட்டோவும், ஆபீஸில் ‘கேண்டிட்டாகப் பேசுங்கள்’ என்பதும் ஒன்றுதானா?

இரண்டும் ஒரே சொல்தான். எங்கோ கிளம்பி, எங்கெங்கோ சுற்றி நம்மிடம் வந்திருக்கிறது. இந்தச் சொல்லை நான் பல வருடம் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு பிள்ளையின் மனதை நோகடித்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருள். மனதில் இருப்பதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்வதுதான் கேண்டிட். அதன் பெயர்ச்சொல் கேண்டர். ‘ஹானஸ்ட்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒரு நூல் வித்தியாசம் உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு மிச்சத்தை விழுங்கிவிடுகிறவர் பொய் சொல்லவில்லை, அந்த அளவில் அவர் ஹானஸ்ட். ஆனால் அவரை கேண்டிட் என்று சொல்ல முடியாது. கேட்காவிட்டாலும், தனக்கே சங்கடமாக இருந்தாலும், சொல்ல வேண்டியதைத் தானாக எடுத்து வைப்பவருக்குத்தான் அந்தப் பெயர்.

இங்கிலாந்தில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் மோசமாகக் கவனிக்கப்பட்டதை விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸின் அறிக்கை 2013-இல் வெளியானது. அதைத் தொடர்ந்து 2014-இல் ‘டியூட்டி ஆஃப் கேண்டர்’ என்ற கடமை சட்டத்தில் சேர்ந்தது. சிகிச்சையில் தவறு நேர்ந்து நோயாளிக்குப் பெரிய பாதிப்பு ஏற்பட்டால், அவர் கேட்கும் வரை காத்திராமல் மருத்துவமனையே அவரிடம் விவரத்தைச் சொல்ல வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும். அங்கே ‘ஹானஸ்டி’ என்று எழுதியிருந்தால் போதுமானதாக இருந்திருக்காது. கேண்டர் என்ற சொல் அந்த இடத்தில் அவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது.

சரி, மூலத்துக்கு வருவோம். லத்தீனில் ‘கான்டேரே’ என்றால் ஒளிர்வது. அதிலிருந்து வந்த ‘கான்டிடுஸ்’ பளிச்சென்ற வெள்ளை. மெழுகுவர்த்தியைக் குறிக்கும் ‘கேண்டில்’ இதே குடும்பம்தான். அந்தக் காலத்துக் குண்டு பல்பைச் சொல்லும் ‘இன்கேண்டசன்ட்’டும் அப்படியே. இந்த வேரை இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் வழியே இன்னும் பின்னால் தேடிப் போனால், சமஸ்கிருதத்தில் ஒளிர்வதைக் குறிக்கும் ‘சந்த்ர’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்தது என்று மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள். நாம் அன்றாடம் சொல்லும் சந்திரனும் இந்த கேண்டிட்டும் தூரத்துச் சொந்தம்! இதை முதன்முதலில் படித்த ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் நிலவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

‘கேண்டிடேட்’ என்ற சொல்லும் இங்கிருந்தே வந்தது. பண்டைய ரோமில் பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள் தங்கள் மேலங்கியில் சுண்ணப்பொடி தேய்த்து வெளுப்பாக்கி உடுத்திக்கொண்டு வாக்குக் கேட்கப் போவார்கள். வெள்ளை உடுத்தியவர் என்பதுதான் ‘கான்டிடாத்துஸ்’. வாக்குக் கேட்பதற்காகத் துணியை வெளுப்பாக்கக் கூடாது என்று கி.மு. 432-இலேயே சட்டம் கொண்டுவந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். ஆனாலும் பழக்கம் நிற்கவில்லை.

வெள்ளை நிறம் எப்படி உண்மை பேசுவதாக மாறியது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘வெள்ளை மனசு’, ‘வெள்ளந்தி’ என்று நம்மிடமே இருக்கிறதே. கறை இல்லாதது, கபடம் இல்லாதது. இதில் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பிரெஞ்சில் ‘கான்டீட்’ என்றால் சூதுவாது தெரியாத அப்பாவி. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் 1759-இல் தன் கதைநாயகனுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். நம் திருக்குறளிலும் 844-ஆம் குறளில் ‘வெண்மை’ என்பது அறிவின்மையைக் குறிக்கிறது. வெள்ளையில் தொடங்கி அறியாமை வரை போவது இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இனிமேல்தான். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கேண்டிட் என்பதற்கு, பிறரைக் குற்றம் தேடாத கண்ணால் பார்ப்பவர் என்ற பொருளும் வழக்கில் இருந்தது. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நாவலில் எலிசபெத் தன் அக்காவைப் பாராட்டும் இடம் இதற்கு நல்ல சான்று. எல்லோரிடமும் உள்ள நல்லதை எடுத்து இன்னும் நல்லதாக்கி, கெட்டதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பதைத்தான் அவள் அங்கே கேண்டிட் என்கிறாள். இன்றைய பொருளை மனதில் வைத்துப் படித்தால் அந்த வரி தலைகீழாகத் தெரியும்.

அந்த இளகிய பொருள் மெல்லத் தேய்ந்தது. நல்லெண்ணத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு குத்திக் காட்டுகிறவர்களும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஜார்ஜ் கேனிங் (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமர் ஆனவர்) 1798-இல் எழுதிய கவிதையில், நேருக்கு நேர் நிற்கும் எதிரியைச் சமாளித்துவிடலாம், ஆனால் ‘கேண்டிட் நண்பனிடமிருந்து’ கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று வேண்டுகிறார்.

அப்படிப்பட்ட நண்பனாக நானும் இருந்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் மாதம் ஒரு மீட்டிங். ‘எல்லோரும் கேண்டிட்டாகப் பேசுங்கள்’ என்பார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி தயாரித்த அறிக்கையை, பதினைந்து பேர் முன்னால் பக்கம் பக்கமாகப் பிரித்துப் போட்டேன். நான் சொன்ன தவறுகள் எல்லாம் உண்மையானவைதான். ஆனால் அந்த அறிக்கைக்கான தகவல்களை மூன்று நாள் தாமதமாகக் கொடுத்தவன் நான். அதை மட்டும் சொல்லவில்லை. மறுநாள் அவள் என்னிடம் வந்து, “அண்ணா, அந்த லேட் விஷயத்தையும் நீங்க சொல்லியிருக்கலாம்” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. கேண்டிட் என்றால் என்ன என்பதை அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம்தான் கற்றுக்கொண்டேன். அடுத்த மீட்டிங்கில் எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொன்னேன்.

தமிழில் எழுதும்போது ‘ஒளிவுமறைவின்றி’, ‘மனம் திறந்து’ இரண்டும் இதற்குப் பொருந்தும். ‘முகத்தில் அடித்தாற்போல்’ பேசுவது வேறு, அதற்கு ஆங்கிலத்தில் ‘பிளன்ட்’ என்று தனிச்சொல் இருக்கிறது. ‘யாதொன்றும் தீமை இலாத சொலல்’ என்று வள்ளுவர் வாய்மைக்குச் சொன்ன இலக்கணம், ஆஸ்டின் காலத்து கேண்டருக்கு மிக நெருக்கமாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்புறம் போட்டோ. 1920-களின் கடைசியில் எரிக் சாலமன் என்ற ஜெர்மன்காரர், வெளிச்சம் குறைந்த அறைகளிலும் பிளாஷ் இல்லாமல் படம் எடுக்கும் எர்மனாக்ஸ் என்ற சிறிய கேமராவோடு பெரிய மாநாடுகளுக்குள் நுழைந்தார். நீதிமன்றத்தில் தொப்பிக்குள் கேமராவை மறைத்து வைத்தும் எடுத்திருக்கிறார். கொட்டாவி விடும் அமைச்சர்களும் நடுராத்திரி தூங்கி வழியும் தூதர்களும் அவர் படங்களில் இருந்தார்கள். லண்டன் ‘கிராஃபிக்’ இதழ் 1930 வாக்கில் இந்தப் பாணிக்கு ‘கேண்டிட் கேமரா’ என்று பெயர் கொடுத்தது. யூதரான சாலமன் 1944-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். நம் ஊர்க் கல்யாணங்களில் தனியாகக் கட்டணம் பேசும் ‘கேண்டிட் போட்டோகிராபி’யின் பெயர் அங்கிருந்து வந்தது. போஸ் கொடுக்காத முகம், அதாவது எதையும் மூடி வைக்காத முகம்.

என் தங்கை கல்யாண ஆல்பத்தில் அம்மா எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டே நிற்கிறார். ஒன்றே ஒன்றில் மட்டும், தாரை வார்த்து முடிந்ததும் மணமேடைக்குப் பின்னால் போய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். போட்டோகிராபர் தம்பி அதை எப்போது எடுத்தான் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இதையே பெருசாப் போட்டு மாட்டுங்க” என்றார். கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.