பிரசங்க மேடையில மாடும் கழுகும் இருக்கலாமா?

பாம்பன் பக்கத்து கத்தோலிக்கப் பங்கு ஒன்னுல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. கோயில புதுப்பிக்கிறாங்களாம், பழைய தேக்கு பிரசங்க மேடைய சுத்தி சிங்கம், மாடு, கழுகு, ரெக்கை வச்ச மனுஷன்னு செதுக்கியிருக்காம். கமிட்டில சிலபேர் இது நந்தி, கருடன் மாதிரி இருக்கு, செதுக்கி எடுத்துட்டு படகு வடிவத்துல புதுசா செஞ்சிரலாம்னு சொல்றாங்களாம், என்ன பண்றதுன்னு கேக்குறாரு.

தயவுசெஞ்சு அதுல உளி வைக்க விட்றாதீங்க. அந்த நாலும் இயேசுவோட வாழ்க்கைய எழுதுன நாலு நற்செய்தியாளருங்களோட அடையாளம். பைபிள்ல எசேக்கியேல் முதல் அதிகாரத்துலயும் திருவெளிப்பாடு 4:7லயும் வர்ற நாலு உயிர்கள்தான் அது. மத்தேயு இயேசுவோட வம்ச வரலாற்றோட ஆரம்பிக்கிறதால மனுஷன், மாற்கு பாலைவனத்துல ஒலிக்கிற குரலோட ஆரம்பிக்கிறதால சிங்கம், லூக்கா கோயில்ல பணி செய்யிற செக்கரியா குருவுல தொடங்குறதால பலி கொடுக்குற காளை, யோவான் எடுத்த எடுப்புலயே வானத்து உயரத்துக்குப் போறதால கழுகு. சந்தேகமா இருந்தா கிட்ட போய் டார்ச் அடிச்சு பாருங்க, அநேகமா மாட்டுக்கு முதுகுல ரெக்கையும் காலடியில புஸ்தகமோ சுருளோ இருக்கும், நந்திக்கு அது கிடையாது. நற்செய்திய சொல்ற இடத்துல அத எழுதுனவங்கள வைக்காம வேற யார வைக்கிறது?

மேல கூரை மாதிரி பலகை இருந்தா அதையும் கழட்டாதீங்க. மைக் இல்லாத காலத்துல சாமியாரோட குரல் மேல போய் கலைஞ்சிராம ஜனங்க பக்கம் திருப்பி விட வச்சது அது. அடிப்பக்கத்துல புறா இருந்தா அது தூய ஆவி, பேசுறவரு தலைக்கு நேரா இருக்கும்.

படகு ஆசை தப்பே இல்ல, எனக்கு ரொம்ப பிடிச்ச யோசனை. லூக்கா 5:3ல இயேசு சீமோனோட படகுல உக்காந்துதான் கரையில நின்ன கூட்டத்துக்கு போதிச்சாரு. ஆஸ்திரியாவுல ட்ரான்கிர்ஹென் கோயில்ல 1753ல செஞ்ச மேடையே மீன்பிடி படகுதான், வலையும் மீனும் தொங்கும். ஆனா பழசை அழிச்சு செய்ய வேணாம். இப்ப வாசகம் படிக்கிறது பீடத்துக்கிட்ட இருக்குற வாசக மேடையிலதான, அத நிலையா, நம்ம வள்ளத்து அணியம், அதாவது படகோட முன்முனை மாதிரி செய்ங்க, பழைய மேடை அதே இடத்துல நிக்கட்டும். எதுக்கும் சிவகங்கை ஆயர் (பிஷப்) இல்லத்துல கேட்டுட்டு வேலைய ஆரம்பிங்க.

எனாமல் பெயிண்ட் வேண்டவே வேணாம், ரெக்கையோட கோடெல்லாம் அடைஞ்சி மழுங்கிரும். காய்ஞ்ச மெல்லிய பிரஷ்ஷால தூசி தட்டுங்க. உப்புக்காத்துல இரும்பு ஆணி துருப்பிடிச்சு மரத்த பிளந்துரும், அதனால தச்சர்கிட்ட பித்தளை ஸ்க்ரூதான்னு கறாரா சொல்லிருங்க. அடிக்கட்டை தரைய தொடுற எடத்துல கரையான் மண் இருக்கான்னு பாத்து, மேடைய ஒரு கருங்கல் பலகை மேல தூக்கி வைங்க.