ஏற்காட்டு ஈரத்தில் வெளுத்துப்போன செஞ்சுரியன்

கேள்வி: ஏற்காட்டில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். 1971 போரில் நம் ராணுவம் ஓட்டிய செஞ்சுரியன் டாங்கியை 1/35 அளவு பிளாஸ்டிக் மாடலாகச் செய்துவருகிறேன். ஒட்டுவது, பச்சை அடிப்பது, டிகால் (சின்னமும் எண்ணும் அச்சிட்ட மெல்லிய படலம்) ஒட்டுவது எல்லாம் நன்றாகவே வந்தது. கடைசியில் ஸ்பிரே கேனில் மாட் வார்னிஷ் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் மேலெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. இதைக் காப்பாற்ற முடியுமா? அடுத்து துருவும் சேறும் தூசியும் சேர்க்க வேண்டும். கடையில் விற்கும் பிக்மென்ட் பவுடர் விலை கட்டுப்படியாகவில்லை. எங்கள் ஊர்ச் செம்மண், சேலத்து வெள்ளைக்கல் தூள் இவற்றைப் பயன்படுத்தலாமா? முடித்த பிறகு சேலத்தில் அக்கா வீட்டில் வைக்கப்போகிறேன்.

பதில்: காப்பாற்றலாம். பெயின்ட்டைச் சுரண்ட வேண்டாம், டிகாலை உரிக்க வேண்டாம். ஆனால் பதறிப்போய் அதன்மேலேயே இன்னொரு கோட் மாட் அடித்துவிடாதீர்கள். வெள்ளை இன்னும் கூடும்.

ஸ்பிரே கேனில் வருவது பெரும்பாலும் லேக்கர் வகை. அதிலுள்ள கரைப்பான் விறுவிறுவென்று ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பையும் குளிரவைக்கும். நீங்கள் இருப்பது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில். மழைக்காலத்தில் மதியம் மூன்று மணிக்கே பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் ஊர். குளிர்ந்த பரப்பில் அந்த ஈரம் படிந்து, காயாத வார்னிஷுக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரிகிறது. கூடவே இன்னொன்றும் நடந்திருக்கலாம். பளபளப்பைக் குறைக்க மாட் வார்னிஷில் நுண்ணிய தூள் ஒன்று கலந்திருப்பார்கள். கேனை நன்றாகக் குலுக்காவிட்டால் அது அடியில் தங்கி, ஒரே இடத்தில் கூட்டமாக வந்து விழும். காரணம் எதுவானாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்.

மாடலை இரண்டு நாள் அப்படியே காயவிடுங்கள். வெயில் அடிக்கும் ஒரு நண்பகலில், அதே கம்பெனியின் கிளாஸ் வார்னிஷை, அதாவது பளபளப்பு வகையை, மெல்லியதாக ஒரு வீச்சு அடியுங்கள். அதிலுள்ள கரைப்பான் கீழே இருக்கும் வெளுத்த படலத்தை லேசாக இளக்கும். சிக்கிய ஈரம் வெளியேறும், தூள் துருத்திக்கொண்டிருந்தால் அதுவும் மூடிப்போகும். கண் முன்னாலேயே பச்சை திரும்பி வரும். ஒரே வீச்சில் முழுதும் போகவில்லையென்றால் அரைமணி நேரம் விட்டு இன்னொன்று. ஈரம் சொட்டும்படி அடித்தால் கீழே இருக்கும் அக்ரிலிக் சுருங்கும், டிகாலும் கெடும். அதனால் முதலில் டாங்கியின் அடிவயிற்றில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

பளபளப்பாகிவிட்டதே என்று கவலை வேண்டாம். அடுத்த வேலைக்கு அந்தப் பளபளப்புதான் தேவை. வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த பெயின்ட், அதன்மேல்தான் வழுக்கிக்கொண்டு மூலைமுடுக்குக்குப் போகும். உண்மையில் நீங்கள் மாட் அடித்ததே கொஞ்சம் முந்திவிட்டது. டிகால், அதன்மேல் கிளாஸ், பிறகு வாஷும் ஆயில் பெயின்ட் வேலையும், அப்புறம் மாட், எல்லாவற்றுக்கும் கடைசியில் தூசி: இதுதான் வரிசை.

அந்த மாட் கோட்டை மட்டும் சேலத்தில் அடியுங்கள் என்பது என் யோசனை. அக்கா வீட்டு மொட்டைமாடி 30 கிலோமீட்டர் கீழே இருக்கும்போது பனிமூட்டத்தோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? ஏற்காட்டிலேயேதான் அடிப்பேன் என்றால் சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கேனைத் தொடாதீர்கள். குளிரில் கேனுக்குள் அழுத்தம் குறைந்து துளித்துளியாகத் துப்பும்; வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் சரியாகும். அடுப்புப் பக்கமோ கொதிநீர்ப் பக்கமோ கொண்டுபோகவே கூடாது.

சேலத்திலும் நேரம் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் வார்னிஷ் மாடலைத் தொடும் முன் காற்றிலேயே காய்ந்து, உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக உட்காரும். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், ஃபேனை அணைத்துவிட்டு.

தின்னர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் தின்னர் என்று கேட்டால் பெரும்பாலும் என்சி தின்னரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மரச்சாமான் பாலிஷுக்கு அது சரி. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வாஷ் செய்யப் பயன்படுத்தினால் பாகமே கரைந்துபோகும். டர்பன்டைன் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் தேங்கி நிற்கவிட்டால் இழுத்து ஒட்டிய பாகங்கள் சில நாளில் பட்டென்று விரியும். ஓவியக் கடையில் கிடைக்கும் வாசனையற்ற வகையை வாங்குங்கள், தூரிகையில் ஒற்றி எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இனி மண்ணுக்கு வருவோம்.

மாடலுக்கு எந்தத் தூளைப் பூசுவது என்று யோசிக்கும் முன், அந்த டாங்கி எந்த ஊரில், எந்த மாதம், எத்தனை நாள் ஓடியது என்று கேட்க வேண்டும். செஞ்சுரியன், 1971 என்றால் நினைவுக்கு வருவது பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியும் பசந்தர் ஆற்றுப் போரும். பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் டிசம்பர் 16 அன்று 'ஃபமகுஸ்டா' என்ற செஞ்சுரியனில் நின்று போரிட்டு 21 வயதில் உயிர் கொடுத்தார், பரம்வீர் சக்ரா பெற்றார். நீங்கள் செய்வது அந்த டாங்கியாகவோ அதன் கூட்டாளியாகவோ இருந்தால், அது ஓடியது ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலம். காய்ந்தால் வெளிறிய சாம்பல் கலந்த பழுப்பு, நனைந்தால் மங்கிய பழுப்பு. சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டியெடுத்த அளவுக்கு உள்ள அந்தச் சிவப்பு அங்கே கிடையாது. உங்கள் ஊர்ச் செம்மண்ணைப் பூசினால் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் டாங்கி பசந்தரைத் தாண்டியதாகத் தோன்றாது, கொண்டை ஊசி வளைவில் ஏறி வந்ததாகத்தான் தோன்றும்.

வெள்ளைக்கல் தூளை, அதாவது மேக்னசைட்டை, தனியாகப் பூசாதீர்கள். சுண்ணாம்பு அடித்தது மாதிரி ஆகிவிடும். நிறத்தை வெளிறவைக்க ஒரு சிட்டிகை கலக்கலாம். அடிப்படைக்கு வீட்டுப் பக்கத்திலேயே எங்காவது வாய்க்கால் ஓரத்து வண்டல் கிடைக்குமா பாருங்கள். கிடைக்காவிட்டால் ஸ்டேஷனரி கடையில் சாக் பேஸ்டல் வாங்கி, காவி மஞ்சள், அடர்பழுப்பு, சாம்பல் மூன்றையும் பிளேடால் சுரண்டிக் கலந்துகொள்ளலாம். டப்பா பவுடர் விலைக்குப் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

மண்ணாக இருந்தால் இரண்டு வேலை உண்டு. ஒன்று, பழைய வாணலியில் வறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏற்காட்டு ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். (சேறு கெட்டியாக வரட்டும் என்று மரவள்ளி மாவு கலப்பவர்கள் சேலத்தில் உண்டு. ஜவ்வரிசி ஊர், கைக்கு எட்டும் பொருள்தான். ஆனால் அதைச் சாப்பிட எறும்பும் பூஞ்சையும் வரும். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள்.) இரண்டாவது, சலிப்பது. இங்கேதான் அளவுக் கணக்கு வருகிறது. 1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல் என்பது நிஜத்தில் 35 மில்லிமீட்டர் கூழாங்கல். டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) ஓரத்தில் நீங்கள் சேறு என்று ஒட்டியது ஜல்லியாகத் தெரியும். மெல்லிய மல் துணியில் சலித்து, விரலிடுக்கில் தேய்த்தால் நெருநெருவென்று இல்லாத தூளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் தங்கியதை எறிய வேண்டாம், டாங்கி நிற்கும் தரைக்கு ஆகும்.

துருவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. மாடல் செய்பவர்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறித் துருப்பிடிக்க வைக்கிறார்கள். மேற்கு முனையில் அந்தப் போர் நடந்தது டிசம்பர் 3 முதல் 17 வரை. இரண்டு வாரம். படைப்பிரிவில் நாள்தோறும் பராமரித்த வண்டி அது, கிடங்கில் கிடந்த பழைய இரும்பு அல்ல. கவசத்தின் மேலிருந்து ஆரஞ்சு நிறத்தில் துரு ஒழுகுவதற்கு அங்கே வேலை இல்லை. துருவைத் தைரியமாகக் காட்டக்கூடிய இடம் புகைபோக்கி. செஞ்சுரியனில் இன்ஜின் மூடிக்கு இருபுறமும், பின்பக்க மட்காடின் மேல் சைலன்சர்கள் உட்கார்ந்திருக்கும். சூட்டில் அங்கே பெயின்ட் கருகி உதிர்ந்து இரும்பு தெரியும். அடர்பழுப்பை அடித்தளமாக அடித்து, ஸ்பாஞ்சுத் துண்டால் செம்பழுப்பை அங்கங்கே ஒற்றி, மேலே சூடு அதிகம் படும் பக்கத்தில் பேஸ்டல் தூளை விரலால் தடவினால் போதும். கரியை அள்ளிப் பூச வேண்டாம். செஞ்சுரியனின் மீட்டியர் இன்ஜின் பெட்ரோலில் ஓடியது, பழைய டீசல் லாரி மாதிரிப் புகை கக்கியிருக்காது.

டிராக்கில் கூட ஆரஞ்சு வேண்டாம். ஓடும் டிராக்கின் நிறம் கரும்பழுப்பு. நிலத்தை உரசும் விளிம்புகளும் உள்பக்கம் சக்கரத்தோடு உரசும் பற்களும் மட்டும் மின்னும். முழு டிராக்கையும் அடர்பழுப்பாக்கி, இடுக்குகளில் மண் நிறத்தை நிரப்பி, காய்ந்தபின் மேட்டுப் பகுதிகளை மட்டும் 6பி பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளிப் பெயின்ட்டால் ஒருபோதும் அந்த மினுமினுப்பு வராது.

அதே பென்சில்தான் ஹேட்ச் (ஏறி இறங்கும் வாயின் மூடி) விளிம்புக்கும். டாங்கிக்குள் நான்கு பேர் ஏறி இறங்குகிறார்கள்; பூட்ஸ் எங்கே பதியும், கை எங்கே பிடிக்கும் என்று விரலால் ஏறிப் பாருங்கள். முன்பக்க மட்காட், டிரைவர் ஹேட்சின் விளிம்பு, டரட்டின் (பீரங்கி பொருத்திய, சுழலும் மேற்கூண்டின்) மேல் கமாண்டர் ஹேட்சைச் சுற்றிய வளையம், சாமான் பெட்டி மூடியின் முனை. பென்சில் முனையால் கோடு போடாமல், அதன் கரியின் பக்கவாட்டை விளிம்பின் மேல் படுக்கவைத்து ஒரே இழுப்பு. பெயின்ட் உரிந்த புள்ளிகள் வேண்டுமென்றால் ஸ்பாஞ்சில் அடர்பழுப்பைத் தொட்டு, பழைய தாளில் தட்டி, ஏறக்குறைய காய்ந்த பிறகு ஒற்றுங்கள். அரை மில்லிமீட்டர் புள்ளி நிஜத்தில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் என்பதை மறக்காதீர்கள். இரண்டு மூன்று போதும், டரட் சுவரின் நடுவில் ஒன்றுகூட வேண்டாம். அங்கே எதுவும் உரசாது.

வாஷுக்கு வெளிநாட்டுப் பாட்டில் தேவையில்லை. கேமல் ஆயில் கலரில் பர்ன்ட் அம்பர் ட்யூப் ஒன்று வாங்கி, ஒரு பட்டாணி அளவு அட்டையில் பிதுக்கி சில மணி நேரம் விட்டுவிடுங்கள். எண்ணெயை அட்டை குடித்துவிடும். மிஞ்சும் நிறமி மாட்டாகக் காயும். அதை டர்பன்டைனில் கரைத்து, நெளிவுகளின் ஓரத்தில் தூரிகை முனையால் தொட்டால் தானே ஓடும். வழிந்த இடத்தைச் சுத்தமான தூரிகையால் மேலிருந்து கீழாக இழுங்கள். மழைத்தண்ணீர் அப்படித்தானே ஓடும். ஏற்காட்டில் இது காய மூன்று நாள்கூட ஆகலாம். விரல் வைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

தூசி கடைசி. மாட் கோட்டுக்குப் பிறகு, உலர்ந்த தூரிகையால், சக்கரத்திலிருந்து மேல்நோக்கிக் குறைந்துகொண்டே போகும்படி. கீழே அடர்த்தியாக, மட்காடுக்கு மேல் மெலிதாக, டரட்டில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல். அதன்மேல் திரும்ப வார்னிஷ் அடித்தால் தூசி பாதி மறைந்துவிடும். கீழே சேறு கட்டிய இடத்தில் மட்டும் டர்பன்டைன் ஒரு துளி விட்டுப் பிடிக்கவையுங்கள், மேலே உள்ள தூசியை ஒன்றும் செய்யாமல் விடுங்கள்.

டிராக் ரப்பர் மாதிரி வளையும் வினைல் வகையா என்று சொல்ல மறந்துவிட்டீர்கள். அப்படியென்றால் சக்கரத்தில் படும் இடத்தில் பெயின்ட் படலம் முழுதாக இருக்கட்டும். சில வினைல்கள் வருடக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், சேலத்து வெயிலில் சீக்கிரமே.

கீழே கொண்டுபோகும்போது மாடலை அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு மரப்பலகையில் நிறுத்தி, பலகையிலிருந்து துளை வழியாக ஸ்க்ரூ போட்டு அடிவயிற்றில் முடுக்குங்கள். தெர்மகோலோ பஞ்சோ சுற்றினால் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அது தூசியைத் துடைத்துக்கொண்டே வரும். ஆன்டெனாக்களைச் சேலம் போய்ச் சேர்ந்த பிறகு ஒட்டுங்கள். பெட்டியைக் காலடியில் வையுங்கள். டேஷ்போர்டு வெயிலில் மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.