எச்சில் பரிசோதனையில் சோர்வு தெரியுமா?

அன்புள்ள டாக்டருக்கு,

அக்காவுக்கு மூன்று வருடமாக மனச்சோர்வு. வேலைக்குப் போகிறாள், சமைக்கிறாள், ஆனால் எதிலும் பிடிப்பில்லை. மாத்திரை ஒரு மாதம் சாப்பிட்டு விட்டுவிட்டாள். அப்பாவும் இப்படித்தான் இருந்தார். எச்சிலை எடுத்துச் செரடோனின் மரபணுவைப் பார்த்தால் பரம்பரையா என்று தெரிந்துவிடுமாமே. எடுக்கலாமா?

– கே.

அன்புள்ள கே.,

வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு செலவு சொல்கிறேன்.

நியூசிலாந்தின் டுனிடினில் 1972-73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் 847 பேரை வைத்து 2003இல் காஸ்பி என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரு கட்டுரை எழுதினார்கள்: செரடோனின் கடத்தி மரபணு (மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருளைக் கடத்தும் புரதத்துக்கானது) 'குட்டை' வடிவில் இருப்பவர்கள் வாழ்க்கையில் அடிபட்டால் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம். அழகான முடிவு, ஆனால் நிற்கவில்லை. 2009இல் 14 ஆய்வுகளின் 14,250 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, அடிபட்டவர்களுக்குச் சோர்வு வருகிறது என்பது மட்டும் உறுதியானது. மரபணுவின் பங்கைக் காணோம். 2019இல் இதையும் சேர்த்துப் புகழ்பெற்ற 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரின் தரவில் சோதித்தார்கள். மற்ற மரபணுக்களைவிட இவை எந்த விதத்திலும் தேறவில்லை. கடுகளவு விளைவைச் சில நூறு பேரிடம் தேடினால் தற்செயல்தான் கையில் சிக்கும். சிக்கியதுதான் அச்சேறும்.

பரம்பரை இல்லாமல் இல்லை. இரட்டையர் ஆய்வுகள் ஏறக்குறைய 37% என்கின்றன. அதை 'அக்காவின் சோர்வில் 37 பங்கு அப்பா கொடுத்தது' என்று படித்துவிடாதீர்கள். மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் மரபின் பங்கு அது. தனி ஒருவருக்கு அதில் சேதி எதுவும் இல்லை.

சோர்வு ஏன் வந்தது என்பதைவிட ஏன் போகவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலான நாட்களில் சோர்வு, இப்படி இரண்டு வருடம், நடுவே இரண்டு மாதத்துக்கு மேல் விடுபட்டதே இல்லை என்றால் அது நாட்பட்டது. இளவயதில் தொடங்கியது, சிறுவயதில் அடி, புறக்கணிப்பு, கூடவே பதற்றநோய், குடி, அரைகுறைச் சிகிச்சை எல்லாம் இதை நீடிக்க வைப்பவை. கடைசியில் சொன்னது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாத்திரை சரியான அளவில் நான்கிலிருந்து ஆறு வாரம் போனால்தான் வேலை செய்கிறதா என்றே சொல்ல முடியும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நாட்பட்டதற்கு இன்னும் கூடுதல். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம். 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று சிலர் சொல்வது இதையாகவும் இருக்கலாம்.

இனி அந்தச் செலவு. டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள், தைராய்டு குறைவு சோர்வாகவே வேஷம் போடும். ஸ்டீராய்டு ஏதும் சாப்பிடுகிறாரா, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நிற்கிறதா என்றும் மருத்துவரிடம் சொல்லுங்கள், இவையும் சோர்வுக்குக் காரணமாகலாம். மிச்சப் பணம் பேச்சு சிகிச்சைக்கு. 2000இல் வந்த அமெரிக்க ஆய்வில் நாட்பட்ட சோர்வுள்ள 681 பேரில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 48% பேருக்கும், இந்நோய்க்கென்றே வகுத்த பேச்சு சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் 48% பேருக்கும், இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 73% பேருக்கும் பலன் கிடைத்தது. (நெஃபசோடோன் என்ற அந்த மருந்து பின்னர் கல்லீரல் பாதிப்பால் பல நாடுகளில் கைவிடப்பட்டது, அதைத் தேடிப் போகாதீர்கள்.) சிறுவயதில் காயப்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடப் பேச்சு சிகிச்சை எடுத்தவர்களே நன்றாகத் தேறியிருந்தார்கள். எனவே மருத்துவரிடம் அக்காவின் சிறுவயதைப் பற்றியும் பேச இடம் கொடுங்கள். அந்தப் பேச்சின்போது நீங்கள் வெளியே உட்காருங்கள்.

சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று அக்காவிடம் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. வருகிறது என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இந்தியாவில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.