ஸ்விட்ச போட்டா லைட் எரியுது, அவ்ளோதானே சார்?

கேள்வி: ஒளி ஒரு நொடியில 3 லட்சம் கிலோமீட்டர் போகுதுன்னு போன இதழ்ல அரைப்பக்கம் எழுதியிருக்கீங்க. போனா போகட்டுமே சார், எனக்கென்ன? ஸ்விட்ச போட்டா லைட் எரியுது, அவ்ளோதானே. பக்கத்த ரொப்ப வேற மேட்டரே கெடைக்கலையா? (திருச்சியிலேர்ந்து ஒரு வாசகர்)

பதில்: மேட்டர் கெடைக்காமத்தான் ரொப்பினோம்னே வச்சுக்குவோம். ஆனா நீங்க இந்த கேள்விய போன்ல டைப் பண்ணி அனுப்பியிருக்கீங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டீங்க.

வீட்ல ஸ்கூல் பிள்ளையோட 30 சென்டிமீட்டர் ஸ்கேல் எங்கயாவது கெடக்கும், அத எடுங்க. அதோட இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு போக ஒளிக்கு ஒரு நானோசெகண்ட் ஆகுது, அதாவது ஒரு நொடிய நூறு கோடி துண்டா போட்டா அதுல ஒரு துண்டு. இப்ப உங்க போன் சிப் 3 கிகாஹெர்ட்ஸ்னு வச்சுக்குவோம், நொடிக்கு 300 கோடி தடவ துடிக்குது, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல ஒளி போற தூரம் வெறும் 10 சென்டிமீட்டர். போனோட நீளமே 15, 16 இருக்குமே சார்! சிப் ஒரு தடவ துடிக்கிறதுக்குள்ள வெளிச்சத்தால உங்க போன மேலேர்ந்து கீழ வரைக்கும்கூட தாண்ட முடியல. சிப்ப நகத்தளவுக்கு சுருக்கி வச்சிருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள மாதிரியே கேள்வி கேட்ட அட்மிரல்கள் அமெரிக்க நேவில இருந்தாங்க. சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்ப ஏன்மா இவ்ளோ நேரம்னு. அங்க கம்ப்யூட்டர் வேலை பாத்த கிரேஸ் ஹாப்பர் அம்மா வாயால வெளக்கிட்டு இருக்கல, கிட்டத்தட்ட உங்க ஸ்கேல் நீளத்துக்கு வயர வெட்டி கையில குடுத்து, இதான் ஒரு நானோசெகண்ட், இங்கேர்ந்து சாட்டிலைட்டுக்கு இது மாதிரி எத்தன இருக்குன்னு பாத்துக்கங்கன்னுட்டாங்க. மைக்ரோசெகண்டுக்கு, அதாவது ஆயிரம் நானோசெகண்டுக்கு, தனியா ஒரு பெரிய சுருள் வச்சிருந்தாங்க, 300 மீட்டர். ஜிபிஎஸ்ல அந்த ஒரு மைக்ரோசெகண்ட் தப்பினா போச்சு, ஆட்டோக்காரர் அடுத்த தெருவுல நின்னுக்கிட்டு எங்க சார் இருக்கீங்கன்னு போன் போடுவார்.

பசங்க கேம் ஆடும்போது பிங் (சிக்னல் சர்வருக்கு போய் திரும்பி வர்ற நேரம்) ஜாஸ்தின்னு கத்துவாங்களே, அதுவும் இதே கததான். சர்வர் சிங்கப்பூர்ல இருந்தா சென்னையிலேர்ந்து கடலுக்கடியில சுமார் 3,200 கிலோமீட்டர் கேபிள், கண்ணாடி இழைக்குள்ள ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், போக 16 மில்லிசெகண்ட் (நொடில ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மில்லிசெகண்ட்) வர 16, ஆக 32க்கு கீழ பிங் குடுன்னு கஸ்டமர் கேர்ல எவ்ளோ சண்ட போட்டாலும் நடக்காது.

நொடிக்கு போனா நிலா, 1.28 நொடி. சூரியன் 8 நிமிஷம் 19 நொடி. இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, விடுங்க. நான் சொல்ல வர்றது செவ்வாய். 2014 செப்டம்பர் 24 காலைல மங்கள்யான் இன்ஜின சுமார் 24 நிமிஷம் எரிச்சுத்தான் செவ்வாயோட சுற்றுப்பாதைல நொழஞ்சுது, அன்னைக்கு அங்கேர்ந்து சிக்னல் வர 12 நிமிஷத்துக்கு மேல. இன்ஜின் பத்திக்கிச்சுன்னு பெங்களூருல கை தட்டினப்போ அங்க பாதி எரிஞ்சே முடிஞ்சிருச்சு! நடுவுல ஏதாவது ஆனாலும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தெரிஞ்சுதான் எல்லா கட்டளையும் பல நாள் முன்னாடியே ஏத்தி வச்சிருந்தாங்க.

1977ல கெளம்பின வாயேஜர் 1 விண்கலம் இருக்கே, அதுக்கு ஒரு ஹலோ சொன்னா போய்ச் சேர கிட்டத்தட்ட ஒரு நாள். வருஷக்கணக்குக்கு வந்தா, ஒரு வருஷத்துல ஒளி போறது 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர், அதான் ஒளியாண்டு. அது தூரம் சார், காலம் இல்ல, மேடைக்கு மேடை "பல ஒளியாண்டுகளுக்கு முன்பே"ன்னு முழங்குறவங்க யாராவது தெரிஞ்சவங்களா இருந்தா சொல்லிருங்க.

மார்கழி தை ராத்திரில மொட்ட மாடிக்கு போங்க. வரிசையா மூணு நட்சத்திரம் தெரியும், அந்த கோட்ட அப்படியே கீழ நீட்டினா பளீர்னு ஒண்ணு மின்னும், அதான் சிரியஸ், 8.6 ஒளியாண்டு. மூணாங்கிளாஸ் படிக்கிற உங்க வீட்டுப் பிள்ளை பொறந்த சமயத்துல கெளம்பின வெளிச்சம் அது. அங்க ஸ்விட்ச போட்டு எட்டரை வருஷம் கழிச்சு இங்க லைட் எரியுது.

அடுத்த தடவ கால் பக்கமா கொறச்சுக்கறோம்.