நரித்தீ ஓவியம்: முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: பழம்பொருள் கடையில் ஜப்பானிய மரஅச்சு ஓவியம் ஒன்று வாங்கினேன். இலை உதிர்ந்த மரத்தடியில் நரிகள், ஒவ்வொன்றின் மூக்கருகிலும் ஒரு சுடர். என்ன கதை இது? பழையதுதானா? ஃபிரேம் போட்டு மாட்டலாமா?

பதில்: உத்தாகவா ஹிரோஷிகேயின் ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ தொடரில் 118ஆவது படம் அது. 1857இல் வந்தது. எடோதான் இன்றைய டோக்கியோ. ஆண்டின் கடைசி இரவில் எடோவைச் சுற்றியுள்ள கான்டோ வட்டார நரிகளெல்லாம் ஓஜி என்னும் ஊரில் ஒரு எனோகி மரத்தடியில் (ஜப்பானிய மரவகை ஒன்று) கூடி, உடை மாற்றிக்கொண்டு இனாரி கோயிலுக்குப் போகும் என்பது நம்பிக்கை. இனாரி நெல்லுக்கான தெய்வம். நரி அதன் தூதர். எனவே உழவர்கள் ‘நரித்தீ’ எனப்படும் இந்தச் சுடர்களைப் பார்த்து அடுத்த விளைச்சலைக் கணித்தார்கள். நம்மூர்க் கொள்ளிவாய்ப் பிசாசோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள், இது நல்ல சகுனம்.

மரஅச்சா என்பது ஒரு கேள்வி, 1857இல் அச்சானதா என்பது வேறு கேள்வி. பலர் ஏமாறுவது இங்கேதான்.

பத்து மடங்கு லென்ஸை இருண்ட வானத்தின் மேல் வையுங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட், அதாவது நவீன இயந்திர அச்சு. அதோடு விஷயம் முடிந்தது. இல்லையென்றால் தாளைத் திருப்பிச் சாய்வொளியில் பாருங்கள். மை நாருக்குள் ஊறிப் பின்னால் கசிந்திருந்து, ‘பாரேன்’ என்னும் தேய்ப்பானின் வட்டத் தடங்களும் தெரிந்தால் அது மரஅச்சுதான். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செதுக்கி அச்சிட்ட பிரதிகளிலும் இதெல்லாம் இருக்கும்.

ஓரத்தில் தணிக்கை முத்திரையோடு தேதி முத்திரையும் உண்டு: பாம்பு ஆண்டு, ஒன்பதாம் மாதம். பிரதிகள் இதையும் அப்படியே செதுக்கிவிடும். ஓரம் வெட்டப்பட்ட அசல் தாளில் இது இல்லாமலும் போகலாம். ஆகவே முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். இத்தொடரின் முழுத் தொகுப்பு ஒன்று புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பக்கத்தில் வைத்து, கிளை நுனிகளையும் நரிகளின் உருவக் கோடுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அதே மர அச்சுக்கட்டை தேய்ந்திருந்தால் கோடு அங்கங்கே அறுந்திருக்குமே தவிர, அதன் போக்கு மாறாது. புதுக்கட்டையில் வளைவே சற்று விலகும். தாள் தடிப்பாக, பளிச்சென்று வெள்ளையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஃபிரேம் போடலாம், படத்தை முழுதாக அட்டையோடு ஒட்டக்கூடாது. பழுப்பேறாத, அமிலமற்ற அட்டையில், மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரத்தில் விரியும் தாளுக்குப் போக இடமில்லாமல் அலையலையாக எழும்பும், சில சமயம் கிழியும். செலோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். கறையைத் துடைக்கத் தண்ணீரும் தொடாதீர்கள்: இவை நீரில் கரைத்த சாயங்கள். கண்ணாடி படத்தில் படாமல் நடுவே அட்டைச் சட்டகம் இருக்கட்டும். வெளிச்சம் 50 லக்ஸுக்கு (ஒளியளவின் அலகு) மேல் போகக்கூடாது. ஆண்டுக்கு மூன்று நான்கு மாதம் மாட்டிவிட்டு, மீதி நாளெல்லாம் இருட்டுப் பெட்டியில் படுக்கையாக வையுங்கள்.